வீட்டுக் காவலுக்குக் குட்டை டபுள் பேரல் ஷாட்கன்: குறைந்த விலையில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மலிவான இரட்டைக்குழல் துப்பாக்கியில் தரம் மூன்று இடங்களில்தான் தெரியும்: குழல்கள் பின்பக்க இரும்போடு உட்காரும் பொருத்தம், விசைக்கு உள்ளே இருக்கும் 'பூட்டு' என்ற சுடும் இயந்திரம், தோளுக்கு வரும் கட்டையின் அளவு. பளபளப்பு, செதுக்கல் வேலை, டார்ச் மாட்டும் ரெயில் எல்லாம் விற்பனைக்கான அலங்காரம். குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறவர் எவ்வளவு எளிமையான அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த மூன்றும் நன்றாக அமையும்.

இரண்டு தோட்டா போதுமா?

முதலில் இதற்கு விடை வேண்டும். இதே விலைக்கு, பல சமயம் இதைவிடக் குறைவாகவே, முன்கட்டையைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும், ஐந்து தோட்டா பிடிக்கும் பம்ப் ஷாட்கன் கிடைக்கிறது. டபுள் பேரலில் இரண்டுதான். பயத்தில் கை நடுங்கும்போது திறந்து, காலித் தோட்டாவை எடுத்து, புதியதைப் போட்டு மூடுவேன் என்று நம்பி வாங்காதீர்கள். பழக்கம் உள்ளவர்களுக்கே அது பல நொடி வேலை.

ஆனாலும் டபுள் பேரலுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. பம்ப் துப்பாக்கியை முழுதாக இழுக்காமல் அரைகுறையாக இழுத்தால் அடுத்த தோட்டா ஏறாது, சிக்கிக்கொள்ளும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. டபுள் பேரலில் அந்த வேலையே இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் இரண்டாவது குழல் தன்பாட்டுக்கு நிற்கும். நீளமும் குறைவு. 20 அங்குலக் குழல் உள்ள டபுள் பேரலின் மொத்த நீளம் 36 அல்லது 37 அங்குலம், 18.5 அங்குலக் குழல் உள்ள பம்ப் ஷாட்கன்கூட 38, 39 அங்குலம் வரும், ஏனென்றால் அதற்குத் தோட்டாவை முன்னும் பின்னும் நகர்த்தும் உடற்பகுதி தனியாக வேண்டும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை நெம்பித் திறந்த மறுகணமே கண்ணால் பார்த்துவிடலாம். துப்பாக்கிப் பழக்கம் குறைவாக உள்ள வீட்டில் இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும் என்பேன்.

நீளமும் சட்டமும்

'குட்டை' என்பதை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் தனித்தனியாக வரையறுக்கிறது. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, ஷாட்கனின் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது தனிப் பதிவு தேவைப்படும் ஆயுதமாகிவிடும். பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வைத்திருக்கக் குழல் குறைந்தது 24 அங்குலம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதையே தடுக்கிறது.

ஆகவே நீளமான பழைய துப்பாக்கியை மலிவாக வாங்கி அறுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம். துப்பாக்கியாகவும் அது கெட்டுப்போகும்: குண்டுகள் விரிவதைக் கட்டுப்படுத்தக் குழல் முனையில் இருக்கும் சோக் என்ற குறுக்கம் போய்விடும், இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் பற்றவைப்பு விட்டுப்போகும், இரண்டும் ஒரே இடத்தில் அடிக்கும்படி தொழிற்சாலையில் செய்த சீரமைப்பும் வீணாகும். தொழிற்சாலையிலிருந்தே 20 அங்குலத்தில் வரும் 'கோச் கன்' வகையை வாங்குங்கள். 18-க்கும் 20-க்கும் வீட்டுக்குள் புழங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. 20-ல் வெடிச்சுடரும் சத்தமும் கொஞ்சம் குறையும், முன்பக்க எடையால் உதைப்பும் சற்று அடங்கும்.

அமெரிக்கச் சந்தையில் இந்த வகையில் அதிகம் விற்பது பிரேசிலில் செய்யப்படும் ஸ்டோகர் கோச் கன். தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியான ஹேமர் வெளியே தெரியும் சி.இசட். ஹேமர் கோச் துருக்கியில் தயாராகிறது; விலை ஏறக்குறைய இரு மடங்கு. ரஷ்யாவின் பைக்கால் துப்பாக்கிகள் கரடுமுரடானவை, ஆனால் உறுதியானவை. ரஷ்யா மீதான 2014 தடைகளுக்குப் பிறகு அமெரிக்காவில் புதிதாக இறக்குமதி இல்லை; பழையதாகத்தான் கிடைக்கும்.

போர், சேம்பர்

போர் (bore) என்பது குழலின் உள்துளை அளவு: 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ., 410 போர் 10.4 மி.மீ. உடல்வாகு, தோள் பலம், வீட்டில் வேறு யார் எடுக்க நேரும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கோச் கன் மூன்று கிலோவைச் சுற்றியே எடை இருக்கும். ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பு ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும்: 8 பவுண்டு துப்பாக்கியில் சுட்டதையே 6.5 பவுண்டில் சுட்டால் உதைப்பு சுமார் 23 சதவீதம் கூடும். 12 போரில் பழகாதவர் இரண்டு தோட்டா சுட்டதும் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிடுவார், அப்புறம் பயிற்சியே நடக்காது. அப்படிப்பட்டவருக்கு 20 போர் நல்ல சமரசம். 410 எடுக்க எளிது; தோட்டா விலை அதிகம், அதற்குள் இருக்கும் ஈயக் குண்டுகளும் குறைவு.

சேம்பர் என்பது தோட்டா உட்காரும் அறை. இப்போது வருபவை பெரும்பாலும் 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. கொஞ்சம் பழையவை 70 மி.மீ., மிகப் பழையவை 65 மி.மீ. குழலின் அடித்தட்டில் முத்திரையோடு பொறித்திருக்கும். தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். அதனால் 76 மி.மீ. தோட்டா 70 மி.மீ. சேம்பருக்குள் சிக்கலில்லாமல் நுழைந்துவிடும், துப்பாக்கியும் மூடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது என்பதை மட்டும் வைத்துச் சரியான தோட்டா என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு விபத்து: 12 போர் குழலில் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய்க் குழல் குறுகும் இடத்தில் நின்றுவிடும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். வீட்டில் இரண்டு போரும் இருந்தால் தோட்டாக்களை ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

குழலின் மேல் அலையலையாக, கோலம் போட்டதுபோல் வரி தெரியும் டமாஸ்கஸ் குழல்கள் பழைய கருமருந்துக் காலத்தவை. இரும்புப் பட்டைகளைச் சுற்றிப் பற்றவைத்தவை. இன்றைய தோட்டாவுக்கு அவற்றை நம்ப முடியாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு விசையா, இரண்டு விசையா

மலிவு விலைத் துப்பாக்கியில் இரண்டு விசை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. முன் விசை பெரும்பாலும் வலது குழலுக்கு, பின் விசை இடதுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும்.

ஒற்றை விசையில் இரு வகை. இயந்திர முறையில் மாறுவது ஒன்று. முதல் தோட்டாவின் உதைப்பால் இரண்டாவது குழலுக்கு மாறுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையில் முதல் தோட்டா வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் அடித்தால் உதைப்பே இல்லை, ஆகவே இரண்டாவது குழலுக்கு விசை மாறாது. இரண்டு குழல் வாங்கியதே அந்த அவசரத்துக்குத்தான். எந்த வகை என்று கண்டுபிடிக்க, டம்மித் தோட்டா (மருந்து இல்லாத போலித் தோட்டா) இரண்டைப் போட்டு இரண்டு முறை இழுங்கள். இரண்டாவது இழுப்புக்கும் அடித்தால் இயந்திர வகை.

இரண்டு விசையில் ஒரு தொல்லை உண்டு. பின் விசையை இழுக்கும்போதோ, முன் விசையைச் சுட்ட உதைப்பிலோ விசையைச் சுற்றியுள்ள காப்புத் தகட்டில் விரல் அடிபடும். பிடியைக் கொஞ்சம் பின்தள்ளிப் பிடித்தால் சரியாகும். விரல் இரண்டாவது விசையில் பட்டு இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தால் அது கைப்பழக்கக் கோளாறு. விரல் படாமலே வெடித்தால் பூட்டு தேய்ந்துவிட்டது, சுடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

சேஃப்டி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது

வெளி ஹேமர் இல்லாத வகையில் குழலைத் திறந்து மடக்கும் அசைவிலேயே உள்ளே இரண்டு ஹேமரும் இழுபட்டு நிற்கும். அதாவது தோட்டா போட்டு மூடிய துப்பாக்கி எப்போதும் சுடுவதற்குத் தயாராக இருக்கும் துப்பாக்கி. கட்டையின் மேலே பெருவிரலுக்கு வரும் சேஃப்டி, மலிவு மாடல்களில் பெரும்பாலும் விசையை மட்டுமே பூட்டுகிறது. இழுபட்டு நிற்கும் ஹேமரைப் பிடித்து வைப்பதில்லை. கீழே விழுந்து அதிர்ச்சியில் பிடி நழுவினால், சேஃப்டி போட்டிருந்தாலும் வெடிக்கக்கூடும். இதைத் தெரிந்துகொண்டால் தோட்டா போட்டுக் கதவோரம் சாய்த்து வைக்க மனம் வராது.

சில மாடல்களில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேஃப்டி தானாகப் போட்டுக்கொள்ளும். ஸ்டோகரில் அப்படித்தான். வேட்டைக்காரருக்கு நல்லது. அவசரத்தில் மறுபடி தோட்டா போட்டவர், சேஃப்டியைத் தள்ள மறந்து விசையை அழுத்திக்கொண்டே நிற்பார். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, துப்பாக்கி தோளுக்கு வரும்போதே பெருவிரல் சேஃப்டியைத் தள்ளும் பழக்கத்தை டம்மித் தோட்டாவிலேயே ஏற்படுத்துங்கள்.

வெளி ஹேமர் வகையில், ஹேமர் இழுக்காமல் இருந்தால் இழுக்கவில்லை என்று கண்ணுக்கே தெரியும். அது நல்லது. சுடாமல் ஹேமரை மெல்ல இறக்கும் வேலைதான் ஆபத்து: வியர்த்த பெருவிரல் நழுவினால் வெடிக்கும். முதலில் குழலைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

கடை மேசையில் செய்ய வேண்டிய சோதனை

புதியதோ பழையதோ, பணம் கொடுக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள். டம்மித் தோட்டா ஒரு ஜோடி கையோடு கொண்டுபோங்கள். வெறும் குழலில் விசையை இழுத்தால் டபுள் பேரலின் அடிமுள் (தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் முள்) உடைய வாய்ப்புண்டு, கடைக்காரரும் விடமாட்டார்.

1. திறந்து இரண்டு சேம்பரும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்.

2. குழலின் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிடுங்கள். அதன் ஸ்பிரிங் அழுத்தம் தளர்ச்சியை மறைத்துவிடும். பழைய துப்பாக்கி விற்பவர் அதைக் கழற்றத் தயங்கினால் அதற்கும் காரணம் இருக்கும். குழலைப் பூட்டி, பிடியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். 'டொக்' என்ற ஒலியோ அசைவோ இருக்கக் கூடாது. அதே நிலையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, குழலின் பின்முனையும் இரும்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். வெளிச்சக் கோடு தெரிந்தால் கீழே வையுங்கள். அதைச் சரி செய்யும் கூலி, மலிவுத் துப்பாக்கியின் விலையையே தொட்டுவிடும்.

3. மேல் நெம்புகோல் மூடியபின் எங்கே நிற்கிறது? புதிய துப்பாக்கியில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் போகும். இடது பக்கம் போய்விட்டது என்றால் நிறையச் சுட்ட துப்பாக்கி. புதியது திறக்க விறைப்பாக இருப்பது குறையல்ல, சில நூறு முறை திறந்து மூடினால் இளகும்.

4. குழலைத் தனியாக எடுத்து, அடிக்கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். மணிபோல ஒலி நீண்டால் நல்லது. கரகரத்தால் இரு குழலுக்கும் இடையே உள்ள பட்டை எங்கோ விட்டிருக்கிறது.

5. குழலுக்குள் வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நிழல் வளையம் ஒன்று முழு வட்டமாகத் தெரிந்தால் குழல் ஒருமுறை உப்பியிருக்கிறது, வாங்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிறைபோல் தெரிந்தால் வெளியிலிருந்து பட்ட நசுங்கல். லேசான துருப்புள்ளிகள் விலையைக் குறைக்க உதவும். சேம்பருக்குள் ஆழமான குழிகள் இருந்தால் காலித் தோட்டா ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

6. குழலையும் முன்கட்டையையும் மறுபடி மாட்டி, இரண்டு டம்மித் தோட்டாவைப் போட்டு மூடி, சேஃப்டியைப் போட்டு இரண்டு விசையையும் நன்றாக அழுத்தி விடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அப்போது ஹேமர் விழுந்தால் அந்தப் பூட்டு ஆபத்தானது.

7. முன் விசையை இழுங்கள். உடனே கட்டையின் அடியை உள்ளங்கையால் நாலைந்து முறை ஓங்கித் தட்டுங்கள். இப்போது பின் விசையை இழுத்தால் 'டிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தட்டிய அதிர்ச்சியிலேயே இரண்டாவது ஹேமர் விழுந்திருக்கிறது. மறுபடி திறந்து மூடி, விசைகளை மாற்றி இதையே செய்யுங்கள்.

8. திறக்கும்போது இரண்டு டம்மியும் ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும், நகம் கொடுத்து எடுக்கும் அளவுக்காவது.

9. கட்டையில் இரும்பு சேரும் இடம், கைப்பிடியின் கழுத்து, இந்த இரண்டிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த மரம் உள்ளே மக்கியிருக்கும்.

காலித் தோட்டாவைத் தூக்கி எறியும் எஜெக்டர் தேவையில்லை. சற்றே உயர்த்திக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போதும். பாகம் குறைவு, கோளாறு குறைவு. சோக்கும் அப்படியே. கழற்றி மாட்டும் சோக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். வலதில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் (லேசான குறுக்கம்), இடதில் மாடிஃபைடு (நடுத்தரக் குறுக்கம்) என்ற நிலையான சோக் வீட்டுத் தூரத்துக்குத் தாராளம்.

கட்டை அளவு

விசையிலிருந்து கட்டையின் அடிவரை பெரும்பாலும் 14.5 அங்குலம் இருக்கும், சராசரி அமெரிக்க ஆணுக்கான அளவு. குள்ளமானவருக்கு இது நீளம். கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றி, கண்ணைத் திறந்தால் குழல்களுக்கு நடுவே உள்ள பட்டையும் நுனி மணியும் நேராகத் தெரிய வேண்டும். பெருவிரல் மூட்டு மூக்கில் முட்டுகிற அளவு நெருங்கினால் கட்டை குட்டை. கை நீட்டி எட்டிப் பிடித்தால் நீளம். நீளத்தைத் துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்துக் குறைக்கலாம், அப்போதே கடினமான பிளாஸ்டிக் அடித்தகட்டை எடுத்துவிட்டு ஒரு அங்குல ரப்பர் பேட் போடச் சொல்லுங்கள். இந்தத் துப்பாக்கிக்குச் செய்யும் செலவுகளிலேயே பலன் தருவது இதுதான்.

தோட்டா

அறைக்குள் சுடும் தூரத்தில் ஷாட்கன் குண்டுகள் விரிந்து அறையையே நிரப்பும் என்பது கட்டுக்கதை. சோக் இல்லாத குழலிலேயே ஒரு கஜத்துக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம்தான் விரியும். ஆறேழு கஜத்தில் ஆறேழு அங்குலம். குறி வைத்தே ஆக வேண்டும்.

12 போர் 2¾ அங்குலத் தோட்டாவில், 00 பக்ஷாட் (பெரிய குண்டுகள் அடைத்த தோட்டா) என்றால் வழக்கமாக 8.4 மி.மீ. குண்டு 9; 4-ஆம் எண் பக்ஷாட் என்றால் 6.1 மி.மீ. குண்டு 27. இரண்டுமே ஜிப்சம் அட்டைப் பலகையால் ஆன உள்சுவர்களைத் தாண்டிப் போகும். பறவைச் சுடு ரவை குறைவாகத் துளைக்கும் என்றாலும் கிட்டத்தில் அதுவும் தாண்டும். சுவர் நிற்கவைக்கும் என்று நம்பாமல், குழந்தைகள் படுக்கும் அறை எந்தத் திசையில் இருக்கிறது, எந்த மூலையிலிருந்து எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று பகலிலேயே நின்று பார்த்து வையுங்கள். குட்டைத் துப்பாக்கிக்கு, வழக்கத்தைவிட வீரியம் கூடிய மேக்னம் தோட்டா வேண்டாம். உதைப்பு குறைத்த 00 நொடிக்குச் சுமார் 350 மீட்டரில் போகும், வழக்கமானது 400. அந்த வித்தியாசம் உங்கள் தோளுக்குத் தெரியும்.

முதல் முறை சுடும்போது

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம். சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். முதலில் லேசான தோட்டாவில் 25, பிறகு வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது 10. ஒரு பெரிய தாளில் 7 கஜத்திலும் 15 கஜத்திலும் வலது குழலையும் இடது குழலையும் தனித்தனியாகச் சுட்டு, எந்தக் குழல் எது என்று பேனாவால் குறியுங்கள். இரண்டு வட்டமும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். 15 கஜத்தில் ஒரு கையகலத்துக்கு மேல் விலகினால் குழல்கள் சரியாக இணைக்கப்படவில்லை, உத்தரவாதக் காலத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

சுட்ட தோட்டாக்களின் அடியில் நடுவே இருக்கும் கேப்பைப் பாருங்கள். அடிமுள் பட்ட குழி நடுவில், ஆழமாக, இரண்டு குழலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு குழலில் மட்டும் ஆழம் குறைந்திருந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது தொழிற்சாலைக் கிரீஸ் உறைந்திருக்கிறது. முதலில் சுத்தம் செய்து பாருங்கள். தோட்டா வெடிக்காவிட்டால் உடனே திறக்க வேண்டாம். பாதுகாப்பான திசையில் பிடித்தபடி 30 நொடி பொறுங்கள். சத்தம் வழக்கத்துக்கு மாறாகப் 'புஸ்' என்று வந்தால் குழலுக்குள் அடைப்பு நிற்கலாம்: திறந்து, தோட்டாவை எடுத்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

வைக்கும் இடம்

தோட்டா இல்லாமல், குழலை மூடி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். இரண்டு தோட்டாவும் உதிரியாக நாலும் அதே பெட்டியில் இருக்கட்டும். திறந்து, போட்டு, மூட நாலைந்து நொடிதான். பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்களும் பல இடங்களில் உண்டு; தோட்டாவைத் தனியாகப் பூட்டச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். பட்டன் எண் போட்டுத் திறக்கும் பெட்டி என்றால் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், தீர்ந்த பிறகு அல்ல.

பக்கத்திலேயே கையடக்க டார்ச் ஒன்று. பக்கவாட்டு இரட்டைக்குழலில் டார்ச் மாட்ட நல்ல இடம் கிடையாது, மாட்டினாலும் உதைப்பில் கழன்றுவிடும். அறைக்குள் விளக்கு ஸ்விட்ச் எட்டும் இடத்தில் நிற்பது அதைவிட மேல். யார் என்று முகம் தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது: இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையும் இருட்டில் ஓர் உருவம்தான்.

எண்ணெய் துளிக் கணக்கில் போதும். அதிகம் ஊற்றினால் கட்டையின் கழுத்து மரத்தில் இறங்கும். கீல்முனையிலும் கொக்கியிலும் மட்டும் கடுகளவு கிரீஸ். பெட்டியிலுள்ள தோட்டாக்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியில் சுட்டுத் தீர்த்து, புதியதைப் போடுங்கள். அடிக்கடி ஏற்றி இறக்கிய தோட்டாவின் பித்தளை விளிம்பு தேய்ந்திருந்தாலோ வாய் மடிப்பு தளர்ந்திருந்தாலோ அதை முதல் ஆளாகப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.